கஞ்சி போட்ட கம்பி

என்னுடைய ஆராய்ச்சிக் கட்டுரையின் முதல் பக்கத்தில் மூன்று பேருக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். சென்னையில் இருந்த என் பேராசிரியர், நான் வேலை பார்த்த கல்லூரியின் முதல்வர், சேலத்து டாக்கீஸ் கொட்டகையின் மானேஜர். மூவருமே அதற்குத் தகுதியானவர்கள்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் முதலில் வந்திருக்க வேண்டியது ஒரு நெசவாளியின் மனைவி பெயர். அது ஏன் அங்கே இல்லை என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இனி மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

அது யுத்த காலம். நான் மோகனூர்க்காரன். காவிரித் தண்ணீரில் வாழையும் வெற்றிலையும் பயிர் செய்த குடும்பத்திலிருந்து சென்னைக்குப் போய்ப் பௌதிகம் படித்துவிட்டு, சேலத்தில் ஒரு கல்லூரியில் செய்முறை வகுப்பு நடத்தும் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். குடியிருந்தது ஊருக்குள் குகை என்ற பேட்டையில், தறிக்காரர்கள் தெருவில். பொழுது விடிந்தால் தெரு முழுக்கத் தறிச்சத்தம். அந்தச் சத்தத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும். அமாவாசைக்குத் தறி நிறுத்தினால்தான் விழிப்புத் தட்டும். மற்றபடி எனக்கு எதற்கெடுத்தாலும் அவசரம், எதற்கெடுத்தாலும் கோபம். என் அப்பா என்னை அடுப்பில் வைத்த எண்ணெய்ச்சட்டி என்பார். அது பொய்யில்லை என்று இந்தக் கதையிலேயே தெரிந்துவிடும்.

நான் செய்ய நினைத்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நிக்கல் என்ற உலோகம் இரும்பைப் போலவே காந்தத்தில் ஒட்டும். அதைச் சூடாக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ஒட்டுகிற குணத்தை விட்டுவிடும். ஆறினால் மறுபடி ஒட்டும். உள்ளே இருக்கும் கோடானுகோடி குட்டிக் காந்தங்கள் அந்தச் சூட்டில் திசைக்கொன்றாகத் திரும்பிவிடுவதுதான் காரணம். இது பலருக்குத் தெரியும். பலருக்குத் தெரியாதது இன்னொன்று. காந்த குணம் போகலாமா இருக்கலாமா என்று நிக்கல் தடுமாறிக்கொண்டிருக்கும் அந்தச் சூட்டில், பலமான காந்தம் ஒன்றைச் சட்டென்று அதன்மேல் செலுத்தினால், நிக்கல் தானாகவே இன்னும் கொஞ்சம் சூடாகும். காந்தத்தை எடுத்துவிட்டால் அதே அளவு குளிரும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சட்டென்று வரிசையில் நிறுத்தினால் கையும் காலும் இன்னும் அதிகமாகத் துறுதுறுக்கும் அல்லவா, அந்த மாதிரி. வரிசை கலைந்தால் துறுதுறுப்பும் அடங்கும். அடுப்பும் இல்லாமல் ஐஸும் இல்லாமல், வெறும் காந்தத்தால் ஒரு பொருளைச் சூடாக்கவும் குளிர வைக்கவும் முடியும் என்பது படித்த நாள் முதலாக என்னைப் பிடித்து ஆட்டியது. சீமையில் இதைச் செய்து பார்த்திருந்தார்கள். எத்தனை டிகிரிச் சூட்டில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இறங்குகிறது என்று நானும் என் கையால் அளந்து கட்டுரை எழுத வேண்டும் என்பது ஆசை.

பேராசிரியர் தம்மிடம் யுத்தத்துக்கு முன்பே வந்திருந்த சுத்தமான நிக்கல் துண்டு ஒன்றைப் பஞ்சில் பொதிந்து அனுப்பி வைத்தார். சுண்டுவிரல் பருமன் இருக்கும். கூடவே ஒரு கடிதம். வரும் கோடையோடு அவர் ஓய்வு பெறுகிறார், அதற்குள் கட்டுரை வந்து சேர்ந்தால் அவரே பார்த்துத் தேற்றிவிடுவார், அப்புறம் யார் கைக்குப் போகுமோ தெரியாது என்று எழுதியிருந்தார்.

பலமான மின்காந்தம் வேண்டும். இரும்புக்குப் பஞ்சமில்லை. மேட்டூர் அணை கட்டி முடித்தபின் கழித்துப்போட்ட சாமான்கள் அப்போதும் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளில் கிடந்தன. தொடை பருமனில் நல்ல மெல்லிரும்பு ஒன்று கிடைத்தது. கொல்லுப்பட்டறையில் லாடம்போல் வளைத்துக் கொடுத்தார்கள். மின்சாரத்துக்குத்தான் திண்டாடினேன். மேட்டூர் மின்சாரம் ஊருக்கு வந்துவிட்டது. ஆனால் அது திசை மாறி மாறிப் பாய்கிற மின்சாரம், என் காந்தத்துக்கு உதவாது. ஒரே திசையில் பாய்கிற மின்சாரம் வேண்டும், அதுவும் நிறைய வேண்டும். அது ஊரில் ஒரே இடத்தில் இருந்தது. டாக்கீஸ் கொட்டகையில் படம் காட்டுகிற கார்பன் விளக்குக்காக ஒரு டைனமோ வைத்திருந்தார்கள்.

மானேஜர் நல்ல மனிதர், ஆனால் வியாபாரி. அவர்களுடைய ஒலிபெருக்கி அடிக்கடி கரகரத்துக்கொண்டிருந்தது. அதை நான் பழுது பார்த்துக் கொடுப்பது, பதிலுக்குக் காலை ஏழு மணியிலிருந்து பத்து மணிவரை டைனமோ என் கையில் என்று பேசி முடித்தோம். ஆனால் பொங்கல் வரைக்கும்தான். பொங்கலுக்குப் புதுப்படம் வருகிறது, அன்றிலிருந்து காலைக் காட்சியும் உண்டு, அப்புறம் ஒரு நாள்கூட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

மிச்சம் இருந்தது கம்பி. இரும்பைச் சுற்றி நூற்றுக்கணக்கான சுற்றுச் செம்புக்கம்பி சுற்ற வேண்டும். ஒரு சுற்று இன்னொரு சுற்றைத் தொட்டால் மின்சாரம் குறுக்கே ஓடிவிடும் என்பதால் கம்பிமேல் நூல் போர்த்தியிருக்க வேண்டும். நூல் போர்த்திய கம்பி யுத்தத்தில் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. வெறுங்கம்பி மட்டும் இரும்புக் கடையில் சுருள் சுருளாக இருந்தது. அதை வாங்கி வந்து வீட்டு வாசலில் போட்டுவிட்டு, கையால் நூல் சுற்ற உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் ஒரு முழம்கூட ஆகவில்லை. நூல் வழுக்கி வழுக்கி ஒரு பக்கமாகக் குவிந்தது. கம்பியைத் தூக்கித் தெருவில் எறிந்தேன்.

எறிந்த கம்பியை எடுத்து வந்தவர்தான் எதிர்வீட்டு அக்கா. குமாரபாளையத்தில் பிறந்து குகைக்கு வாழ்க்கைப்பட்டவர். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் தறியில் உட்கார, நூல் தோய்ப்பதும் குறுக்கிழைக்குத் தார் சுற்றுவதும் நெடுக்கிழையான பாவு பிணைப்பதுமாக நாள் முழுக்க அந்த வீட்டின் வேலை இவர் கைகளில்தான் இருந்தது. எதற்கு இதெல்லாம் என்று கேட்டார். சொன்னால் புரியாது என்று எடுத்தெறிந்து பேச வாயெடுத்தேன். எப்படியோ அன்றைக்கு அடக்கிக்கொண்டு, உள்ளே போய் நிக்கல் தகடு ஒன்றைக் கொண்டுவந்து காந்தத்தில் ஒட்டவைத்து, கீழே சாராய விளக்கைக் காட்டினேன். சற்று நேரத்தில் தகடு தொப்பென்று விழுந்தது. ஆறியதும் காந்தம் அதை மறுபடி இழுத்துக்கொண்டது. மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கம்பியில நூலு சுத்திட்டா, இது எதுக்குன்னு நானும் வந்து பாக்கலாமுங்களா?”

வரலாம் என்றேன். கம்பியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அவர் செய்த உபாயத்தை நினைத்தால் இன்றும் கைகூப்பத் தோன்றுகிறது. ஜரிகை செய்கிறவர்கள் பட்டிழைமேல் வெள்ளியிழையை முறுக்குவதை அவர் பார்த்திருக்கிறார். அதே முறையில், ஒரு மூங்கில் குழாயின்மேல் நூல் கண்டைப் பொருத்தி, ராட்டையின் கயிற்றால் குழாயைச் சுழலவிட்டார். குழாயின் உள்ளே செம்புக்கம்பி. அந்தப் பக்கம் அவர் கணவர் கம்பியை மெல்ல மெல்ல இழுக்க, வெளியே வந்த கம்பிமேல் நூல் இடைவெளி இல்லாமல் படிந்து வந்தது. நான் போய்ப் பார்த்தபோது சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. “சேலைக்கு எப்படிச் சுத்தமாகச் செய்வீர்களோ, அதே மாதிரி செய்துகொடுங்கள், அக்கா” என்றேன். பெரிய பாராட்டுச் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

புரட்டாசி முடிவதற்குள் கம்பி முழுவதும் வந்து சேர்ந்தது. விறைப்பாக, வழவழவென்று, ஒரு பிசிறு இல்லாமல் இருந்தது. சீமைக் கம்பியே பிச்சை வாங்க வேண்டும் என்று கல்லூரியில் எல்லோரிடமும் காட்டிப் பெருமையடித்தேன். நானே இரும்பில் சுற்றி, கொட்டகையின் பின்னறையில் காந்தத்தை நிறுத்தினேன். அதன் இரு முனைகளுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு ஒரு சின்ன மின்சார அடுப்பு, அடுப்புக்குள் நிக்கல், நிக்கலைத் தொட்டபடி இரண்டு வெவ்வேறு உலோகக் கம்பிகளை முறுக்கிய முனை. சூடு ஒரு துளி மாறினாலும் அந்த முனையில் கடுகளவு மின்சாரம் பிறக்கும். அதைக் காட்ட கால்வனாமீட்டர் என்ற கருவி. அதில் ஒரு குட்டிக் கண்ணாடி தொங்கும். கண்ணாடிமேல் விளக்கொளியை விட்டால், அந்தக் கண்ணாடி திரும்பும்போதெல்லாம் எதிரே ஒளிப்பொட்டு நகரும். எதிரே அளவுகோல் தூரத்தில் இருக்க இருக்க, பொட்டு அதிகமாக நகரும். அதற்காகவே கொட்டகைக்குள், கதவுகளைச் சாத்தி, பொட்டைப் படம் காட்டும் வெள்ளைத் திரையிலேயே விழ வைத்தேன். பகலிலும் அங்கே கும்மிருட்டு. அவ்வளவு பெரிய அளவுகோல் வைத்து வேலை செய்தவன் இந்தியாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று அப்போது எனக்கு ஒரு மிதப்பு.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம் அடுப்பைச் சூடேற்றி முதல் முறையாகக் காந்தத்துக்கு மின்சாரம் விட்டேன். திரைப் பக்கம் ஓடி வந்து பார்த்தால், பொட்டு வலப்பக்கம் நான்கு சாண் தள்ளிப் போய் நின்றிருந்தது. மின்சாரத்தை நிறுத்தினேன், பழைய இடத்துக்கு வந்தது. மறுபடி விட்டேன், மறுபடி நான்கு சாண். நான் எதிர்பார்த்தது இரண்டு சாண். கிடைத்ததோ இரட்டிப்பு. காலி நாற்காலிகளுக்கு நடுவே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தேன். அன்றைக்கே பேராசிரியருக்குக் கடிதம் போட்டேன். சீமையில் கண்டதைவிட அதிகமாகக் கண்டிருக்கிறேன் என்று எழுதினேன். கல்லூரி முதல்வரிடம் சொன்னேன். மானேஜரிடம் சொன்னேன். மோகனூருக்கும் எழுதினேன்.

பேராசிரியரின் பதில் ஒரு கார்டில் வந்தது. மொத்தம் இரண்டு வரி. காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தைத் திசை மாற்றி விட்டுப் பார்த்தீரா? நிறுத்தும்போது பொட்டு பழைய இடத்தையும் தாண்டி மறுபக்கம் போயிற்றா?

கார்டை இரண்டு முறை படித்தேன். முதலாவதை நான் செய்யவில்லை, இரண்டாவது நடக்கவில்லை. காந்தம் எந்தத் திசையில் இருந்தாலும் நிக்கல் சூடாகத்தான் வேண்டும்; ஆகவே திசை மாற்றினாலும் பொட்டு வலப்பக்கமே போக வேண்டும். அப்படிப் போன பிறகு நிக்கலின் சூடு மெல்லப் பரவி பொட்டு திரும்பி ஊர வேண்டும். நிறுத்தினால் நிக்கல் குளிர்ந்து பொட்டு இடப்பக்கம் துள்ள வேண்டும். என் பொட்டோ நான்கு சாணில் ஆணி அடித்ததுபோல் நின்றுகொண்டிருந்தது. அது தவறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டியது கிடைத்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

மறுநாள் காலை கொட்டகைக்குப் போனேன். பார்க்க வரலாமா என்று எதிர்வீட்டு அக்கா இரண்டு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கென்று அவரும் கணவரும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். தரை டிக்கெட் இடத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். மின்சாரம் விட்டேன், பொட்டு வலப்பக்கம் போனது. கம்பிகளை மாற்றிச் செருகிவிட்டு மறுபடி விட்டேன். பொட்டு இடப்பக்கம் நான்கு சாண் ஓடியது. அடுப்பை அணைத்து நிக்கல் ஆறும் வரைக்கும் காத்திருந்து, மறுபடி விட்டுப் பார்த்தேன். அப்போதும் அதே நான்கு சாண். சூடும் இல்லை, குளிரும் இல்லை. காந்தக் கம்பியிலிருந்த மின்சாரமே எங்கோ கசிந்து, இரும்பு வழியாக என் கருவிக்குள் வந்துகொண்டிருக்கிறது. நான் அளந்தது நிக்கலை அல்ல, ஓட்டையை. அதைத்தான் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்கிறேன்.

எங்கே கசிகிறது என்று பின்னறையில் மண்டியிட்டுத் தேடினேன். அக்கா வாசலில் வந்து நின்றார். காந்தம் லேசாகச் சூடேறியிருந்தது. அதிலிருந்து ஒரு புளித்த வாடை சில நாளாகவே வந்துகொண்டிருந்தது. கொட்டகைப் பலகாரக் கடை வாடை என்று நான் விட்டுவிட்டேன். அவர் மூக்கை உறிஞ்சினார். குனிந்து காந்தத்தின் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

“இது எங்கூட்டுக் கஞ்சி வாசமுங்க” என்றார்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவர் விளக்கினார். கம்பியில் சுற்றுவதற்கு முன்னால் நூலை அரிசிக் கஞ்சியில் தோய்த்திருக்கிறார். வெறும் நூலை வேலைக்குக் கொடுப்பது அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லாத பழக்கம். கஞ்சி போடாத நூல் அவர்களுக்கு நூலே அல்ல. அவர்கள் வீட்டில் இன்னும் ஒரு படி மேலே, கஞ்சியில் ஒரு பிடி உப்பும் போடுவார்கள். உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், வெயில் நாளிலும் இழை முறியாது. என் கம்பி விறைப்பாக வழவழவென்று இருந்ததன் ரகசியம் அதுதான். மழைக்காலத்து ஈரத்தில் அந்த உப்புக் கஞ்சி நனைந்துபோய், மின்சாரத்துக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்திருக்கிறது.

எண்ணெய்ச்சட்டி பொங்கியது. உப்புப் போடச் சொன்னது யார், மூன்று மாத உழைப்பைக் கஞ்சியில் கரைத்துவிட்டீர்களே, நீங்கள் தொட்டதால்தான் எல்லாம் நாசம் என்று கத்தினேன். அவர் கணவர் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். அக்கா நான் முடிக்கும் வரைக்கும் பொறுத்திருந்தார். அப்புறம் குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“சேலைக்குச் செய்யற மாதிரியே செய்யோணும்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அப்படித்தான் செஞ்சேன்.”

நான் சொன்னேன், அவர் செய்தார். நூலில் ஈரம் இருக்கக் கூடாது, உப்பு ஆகாது என்று எனக்குத் தெரியும். அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லாமல், ஓசிப் பாராட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டியவன் நான். பின்னறைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பேராசிரியருக்கு என்ன எழுதுவது, முதல்வர் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர்கள் எதிரிலேயே புலம்பினேன். பொங்கலுக்கு ஏழெட்டு வாரம்தான் இருந்தது. இத்தோடு விட்டுவிடுகிறேன் என்றேன்.

அக்கா காந்தத்தில் சுற்றியிருந்த கம்பியின் முனையை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். கழற்றித் தாருங்கள் என்றார். வெந்நீரில் அலசிக் காயவைத்தால் கஞ்சி போய்விடுமே என்று நான் குறுக்கு வழி சொன்னேன்.

“அலசுன நூல நம்ப முடியாதுங்க. புதுசாத்தான் சுத்தோணும். இந்தத் தடவ என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க.”

இப்போது நினைத்தாலும் நெஞ்சு நிறைகிறது. பொங்கல் சேலைகள் தறியில் ஏற வேண்டிய நேரம் அது. நூலோ கட்டுப்பாட்டில் இருந்தது; ஒரு தறிக்கு இவ்வளவு என்று அளந்துதான் கிடைக்கும். அந்த வீட்டுக்கு வந்த நூலில் ஒரு பங்கு என் கம்பிக்குப் போயிற்று. கம்பியை இழுக்க அவர் கணவர் தறியை விட்டு இறங்க வேண்டியிருந்ததால் தறி பாதி நாள் சும்மா நின்றது. கத்தியவன் வேலைக்கு எதற்கு இவ்வளவு என்று தெருவில் கேட்டிருப்பார்கள். அவர்கள் என்ன பதில் சொன்னார்களோ, எனக்குத் தெரியாது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

நான் பேராசிரியருக்கு உண்மையை எழுதினேன். திசை மாற்றவில்லை, நான் கண்டது பிழை, பொங்கலுக்குள் மறுபடி செய்கிறேன் என்று. கஞ்சியைப் பற்றி எழுதவில்லை. கம்பியின் உறையில் ஈரம் என்று மட்டும் எழுதினேன். ஆராய்ச்சியில் கஞ்சி என்ற சொல் வந்தால் சிரிப்பார்கள் என்று பயம்.

கல்லூரி விட்டதும் நேராக எதிர்வீட்டுக்குப் போவேன். இந்த முறை நூலைக் கொதிக்க வைத்து அலசி, பச்சைத் தண்ணீரில் நாலைந்து முறை அலசி, வெயில் எட்டிப் பார்க்கிற நேரமெல்லாம் கொடியில் போட்டு எடுத்தோம். கஞ்சி இல்லாத நூல் ராட்டையில் அறுந்து அறுந்து போயிற்று. அதற்கு என்ன செய்யலாம் என்று யோசித்தது அவர்தான். ஈரம் இழுக்காத பண்டமாக வேண்டும், இழையையும் பிடித்துக்கொள்ள வேண்டும். கொல்லிமலையிலிருந்து நாமக்கல் சந்தைக்குத் தேன்மெழுகு வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய், புதுச்சத்திரத்தில் டயர் வெடித்து இரண்டு மணி நேரம் நின்று, ஒரு வட்டு மெழுகு வாங்கி வந்தேன். மெழுகு மட்டும் போட்டால் சூட்டில் உருகும் என்றேன். குங்கிலியம் சேர்த்தால் இறுகுமே என்றார். இரண்டையும் உருக்கி, கம்பியை அதன் வழியே இழுத்து, மேலே நூல், மறுபடி மெழுகு. தேனும் குங்கிலியமும் கலந்த அந்த வாசனை இரண்டு வீட்டிலும் நிறைந்திருந்தது. ஒவ்வொரு சுருள் முடிந்ததும் நான் பாட்டரி வைத்துக் கசிவு இருக்கிறதா என்று சோதிப்பேன். இல்லை என்று தலையசைத்தால்தான் அவர் அடுத்ததைத் தொடுவார். அந்த வாரங்களில் நான் ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. என் ஆயுளில் அது ஒரு சாதனை.

மார்கழி கடைசியில் காந்தம் மறுபடி தயாரானது. போகிக்கு இரண்டு நாள் இருந்தது. கொட்டகை வாசலில் புதுப்படத்துக்கு விளம்பரத் தட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் கணவரும் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள். மானேஜர்கூட இந்தத் தடவை வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

முதலில் அடுப்பை மூட்டாமல், ஆறிய நிக்கலோடு மின்சாரம் விட்டேன். பொட்டு அசையவில்லை. திசை மாற்றி விட்டேன். அசையவில்லை. ஒன்றுமே நடக்காததைப் பார்த்து அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. மானேஜர் மட்டும் என்ன சார், ஒன்றும் காணோமே என்றார்.

அப்புறம் அடுப்பை ஏற்றினேன். நிக்கல் தன் காந்த குணத்தை விடப்போகிற சூட்டுக்கு வர அரை மணிக்கு மேல் ஆயிற்று. பொட்டு ஓரிடத்தில் நிலைக்கட்டும் என்று காத்திருந்தேன். பின்னறையில் சுவிட்ச் இருந்தது, திரை அங்கிருந்து தெரியாது, ஓடி வருவதற்குள் துள்ளல் முடிந்துவிடும். பொட்டு எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனேன். சுவிட்சைப் போட்டேன்.

வலப்பக்கம் போயிற்று என்றார். ஒன்றரைச் சாண் இருக்கும், இப்போது மெல்லத் திரும்பி வருகிறது என்றார். நின்ற இடத்தில் நிற்காமல் திரும்பி வருகிறது என்று கேட்டதும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழைய இடத்துக்கு வரும் வரை காத்திருந்து, வந்துவிட்டது என்று அவர் சொன்னதும் சுவிட்சை அணைத்தேன்.

இருட்டுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“அக்கட்டால போயிருச்சுங்க. குளுந்துருச்சுங்க.”

ஓடி வந்தேன். வெள்ளைத் திரையில் பொட்டு இடப்பக்கம் நின்று, மெல்ல நடுவுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. திசை மாற்றி மறுபடி செய்தேன். மறுபடி முதலில் வலம்தான், அப்புறம்தான் இடம். எந்தத் திசையில் காந்தம் வந்தாலும் நிக்கல் சூடானது, காந்தம் போனால் குளிர்ந்தது. இந்த முறை பொட்டு பொய் சொல்லவில்லை. தரையில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் கணவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். அன்றும் மறுநாளும் பத்து மணி வரைக்கும், வேறு வேறு சூட்டில், கட்டுரைக்கு வேண்டிய அளவுகள் அத்தனையும் எடுத்து முடித்தேன். பொங்கலன்று அதே திரையில் புதுப்படம் ஓடியது.

கட்டுரை எழுதியபோது நன்றிப் பக்கத்தில் அக்காவின் பெயரை முதலில் போட நினைத்து, முழுப் பெயர் கேட்பதற்காக எதிர்வீட்டுக்குப் போனேன். தார் சுற்றிக்கொண்டிருந்தார். இன்னார் நூல் போர்த்திக் கொடுத்ததால் இந்த வேலை முடிந்தது என்று அச்சில் வரும் என்றேன். கொஞ்சம் யோசித்தார்.

“நான் கஞ்சி போட்டுக் கெடுத்ததையும் எழுதுவீங்களா?”

அதை எழுத வேண்டியதில்லை, அதெல்லாம் ஆராய்ச்சியில் வராது என்றேன். அவரைக் காப்பாற்றுவதாக அப்போது என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். உண்மையில் காப்பாற்றிக்கொண்டது என்னை. கஞ்சியை எழுதினால் அதைப் போடச் சொன்ன வார்த்தையையும் எழுத வேண்டும், திசை மாற்றிப் பார்க்காமல் குதித்ததையும் எழுத வேண்டும்.

“கெடுத்தத உட்டுட்டு நல்லதுக்கு மட்டும் பேரு எதுக்குங்க சாமி? வேண்டாமுங்க. எழுதுனா ரெண்டையும் எழுதுங்க” என்றார்.

நான் இரண்டையும் எழுதவில்லை. கட்டுரை தேறியது. அதைக் கொண்டு எனக்கு நல்ல வேலை கிடைத்தது, ஊர் மாறினேன். அக்காவும் அவர் கணவரும் காலமான செய்தி எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அன்று அந்தக் கஞ்சி நூலில் உப்பு இல்லாமல், கசிவு இரட்டிப்பாகத் தெரியாமல் இருந்திருந்தால், திசை மாற்றிப் பார்க்காத என் பிழை எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கொஞ்சமாகக் கசிந்திருந்தால் அதையே உண்மை என்று அச்சேற்றியிருப்பேன். அவர் கெடுத்தது என்று சொன்னதற்கும் நான் கடன்பட்டவன்தான்.

இப்போது கஞ்சியை எழுதிவிட்டேன், அக்கா. போடச் சொன்னவன் நான் என்பதையும் எழுதிவிட்டேன். இனிமேல் உங்கள் பெயரையும் போடலாமா என்று எதிர்வீட்டுக்கு வந்து கேட்க வழியில்லாததால், அதை மட்டும் எழுதாமல் விடுகிறேன்.